ஆரம்ப வகுப்பில் வடிவமைப்பும் தொழினுட்பமும்: செருப்புச் சில்லிலிருந்து தொடங்கலாம்

மூதூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அண்மையில் நியமனம் பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "தரம் 4இல் 34 பிள்ளைகள். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஐந்து வயதிலிருந்தே வடிவமைப்பும் தொழினுட்பமும் என்று ஒரு பாடம் இருப்பதாக வாசித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்க ஆசை. கருவி இல்லை, பணம் இல்லை, வாரத்தில் இரண்டு பாடவேளைதான் ஒதுக்க முடியும். பெற்றோருக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஒன்றே குறி. எங்கே தொடங்குவது?"

தங்கை, நானும் திருகோணமலை மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவன். இந்தப் பாடத்தை ஒருவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. தவறாகச் செய்து செய்துதான் பழகினேன். ஆகவே நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் வகுப்புகளில் கைவேலை எப்போதும் இருந்திருக்கிறது. ஆசிரியர் ஒரு காகிதப் பூவைச் செய்து காட்டுவார், 34 பிள்ளைகளும் அதைப் பார்த்து 34 காகிதப் பூக்கள் செய்வார்கள், நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிடுவோம். அதை நான் இகழ மாட்டேன். மடிக்கவும் வெட்டவும் ஒட்டவும் கை பழகுகிறது. ஆனால் அங்கே எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் ஆசிரியர் முன்கூட்டியே எடுத்துவிட்டார். என்ன நிறம், எத்தனை இதழ், எந்தத் தாள், எங்கே ஒட்டுவது என்று பிள்ளை யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை. நீங்கள் வாசித்த பாடத்தில் அந்த முடிவுகள் பிள்ளையிடம் போகின்றன. இது யாருக்கு, அவருக்கு என்ன தேவை, எதனால் செய்தால் நிற்கும், செய்தது வேலை செய்கிறதா, இல்லையென்றால் எங்கே பிழை? இங்கிலாந்தில் 1990இல் அது கட்டாய பாடமானது. 2014இலிருந்து நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் வடிவமைத்தல், செய்தல், மதிப்பிடுதல், தொழினுட்ப அறிவு என்று நான்காகப் பிரித்து, சமையலையும் சேர்த்திருக்கிறது. சிறிய வகுப்புகளுக்கு நெம்பு, சறுக்கி, சில்லும் அச்சும். சற்றுப் பெரியவர்களுக்குப் பற்சில்லு, கப்பி, எளிய மின்சுற்று. பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். கப்பி கிணற்றடியில் தொங்குகிறது. நெம்பைத் துலா என்ற பெயரில் உங்கள் தாத்தா மிதித்திருப்பார்.

இன்னொன்று, தொழினுட்பம் என்றதும் அதிபரும் பெற்றோரும் கணினியை நினைப்பார்கள். ஒரு கூட்டத்திலேயே சொல்லித் தெளிவாக்கிவிடுங்கள். கணினி வந்தால் நல்லது, வராவிட்டாலும் இந்தப் பாடம் நிற்காது.

முதல் இரண்டு வாரத்துக்கு எதையும் செய்ய வைக்காதீர்கள், பார்க்க வையுங்கள். வீட்டுக் குசினியிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள். கத்தியும் திருவலையும் வேண்டாம், மற்றதெல்லாம் வரட்டும். எனக்குப் பிடித்தது சிரட்டை அகப்பை. ஒரு குழுவின் கையில் கொடுத்து, "இதைப் பிரித்துப் பார்க்காமல், காம்பு எப்படி நிற்கிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஆணி இல்லை, பசை இல்லை, கட்டும் இல்லை. சிரட்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு துளைகள். காம்பு ஒன்றில் நுழைந்து மற்றதில் முடிகிறது. "ஒரே துளை என்றால்?" என்று கேட்டேன். ஒரு பையன் விரலால் சிரட்டையை ஆட்டிக் காட்டி, "சுத்தும்" என்றான். "அப்படியென்றால் நுனி ஏன் மெலிந்திருக்கிறது?" அதற்கு அந்த வகுப்பில் விடை வரவில்லை. மறுநாள் ஒரு பெண்பிள்ளை வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு வந்தாள்: தட்டத் தட்ட இறுகத்தான். ஆப்பு என்ற சொல்லை அன்று சொல்லிக் கொடுத்தேன். வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

பிட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். ஏன் அது கூம்பாக இருக்கிறது? சிறிய வாய்ப் பானையிலும் பெரிய வாய்ப் பானையிலும் அது உட்கார்ந்துவிடும். ஏன் ஓலை? ஆவி இடைவெளியால் ஏறும், மா கீழே விழாது. பனையோலைக்குப் பதில் தகரத்தில் செய்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். தீர்ப்பை உடனே சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது வண்டி. இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தின் முக்கால்வாசியை நான் வண்டியில்தான் கற்றேன்.

நம் ஊரில் இது புதிதும் அல்ல. பனங்காய் இரண்டைத் தடியில் குத்திக் கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடிய பனங்காய் வண்டில், குரும்பட்டியும் ஈர்க்கும் வைத்துக் கட்டிய தேர், தேய்ந்த இறப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிய சில்லு. இவையெல்லாம் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் செய்தவை. அந்தப் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து ஒரு பாடவேளை பேசவிடுங்கள். "எங்கள் பிள்ளை படிக்கத்தானே வருகிறது" என்று முணுமுணுக்கிற தந்தைகூடச் செருப்பில் சில்லு வெட்டிய கதை என்றால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

வேலையை இப்படிக் கொடுத்தேன்: உன் வீட்டில் உன்னைவிடச் சிறிய ஒரு பிள்ளை இருக்கிறதா? இல்லையென்றால் பக்கத்து வீட்டில்? அந்தப் பிள்ளை கயிற்றில் கட்டி இழுக்க ஒரு வண்டி. அதில் ஒரு தண்ணீர்ப் போத்தல் விழாமல் வர வேண்டும். முற்றத்து மணலில் ஓட வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். திருகோணமலையில் எந்த முற்றமும் பாதி மணல்தான். சீமெந்துத் தரையில் ஓடிய வண்டி மணலில் புதைந்து நிற்கும், அப்போது சில்லின் அகலத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிராது.

பொருட்கள்: கடையில் இலவசமாகக் கிடைக்கும் அட்டைப்பெட்டி, பழைய செருப்பு, சோடா மூடி, ஈர்க்கு, எழுதி முடிந்த பேனாவின் வெளிக்குழல், நூல், கோதுமை மாப் பசை. ஒருமுறை பேனாக் குழல் போதாமல் பப்பாசி இலைக்காம்பை வெட்டிக் கொடுத்தேன், உள்ளே பொள்ளல் என்பதால் அச்சுக்கு அருமையான குழல் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் வாடிச் சுருங்கி அச்சைக் கவ்விப் பிடித்திருந்தன. அதன் பாலும் சில பிள்ளைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளை, வகுப்பில் அதிகம் பேசாதவள். பெட்டியின் அடியில் இரண்டு ஈர்க்குகளைப் பசையால் நன்றாக ஒட்டி, நான்கு செருப்புச் சில்லுகளை அவற்றில் இறுக்கமாகக் குத்தி, கயிறு கட்டி இழுத்தாள். வண்டி வந்தது, ஆனால் சறுக்கிக்கொண்டு வந்தது. சில்லுகள் அசையவில்லை. அவள் என்னைப் பார்த்து, "தரை சரியில்லை, சேர்" என்றாள். எனக்கு நாக்கு நுனிவரை விடை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "வண்டியைத் தூக்கிச் சில்லை விரலால் சுண்டிப் பார்" என்றேன். சுண்டினாள். அசையவில்லை. இன்னொன்றைச் சுண்டினாள். பிறகு எழுந்து பக்கத்துக் குழுவுக்குப் போய், ஓடுகிற வண்டியின் சில்லைச் சுண்டிப் பார்த்தாள். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் பசையைச் சுரண்டத் தொடங்கினாள்.

சில்லு சுற்ற வேண்டுமானால் ஒன்று சில்லு அச்சில் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது சில்லும் அச்சும் சேர்ந்து குழலுக்குள் சுற்ற வேண்டும். இரண்டும் இறுகினால் அது வண்டி அல்ல, சறுக்குப் பலகை. இதை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் இரண்டு வரி. அவள் அதைக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை எடுத்தது. பேனாக் குழலைப் பெட்டிக்கு ஒட்டி ஈர்க்கை அதற்குள் விட்டதும் வண்டி உருண்டது, ஆனால் இடப்பக்கமாகவே வளைந்து போனது. மீண்டும் குனிந்து பார்த்தாள். முன் குழலும் பின் குழலும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தன. அப்போது அவளாகவே என் மேசைக்கு வந்து அடிமட்டம் கேட்டாள். பெட்டியின் விளிம்பிலிருந்து இந்தப் பக்கம் 3 சென்ரிமீற்றர், அந்தப் பக்கமும் 3 சென்ரிமீற்றர். அதே பிள்ளை கணித வகுப்பில் அடிமட்டத்தைப் பூச்சியத்திலிருந்து வைக்காமல் 1இலிருந்து வைத்து அளக்கும் பிள்ளை. அன்றைக்குப் பூச்சியத்திலிருந்து வைத்தாள். வைக்காவிட்டால் வண்டி கோணும்.

புலமைப்பரிசிலைப் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு நான் இந்த அடிமட்டக் கதையைத்தான் சொல்வேன். நேர அட்டவணையிலும் இதற்குத் தனி இடம் தேட வேண்டாம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள் அரைவாசியும் கணிதத்தின் அளவீட்டுக்குள் மீதியும் அடங்கிவிடும். செய்த முறையை எழுதச் சொன்னால் தமிழ்ப் பாடத்துக்கும் ஆயிற்று. ஆசிரிய ஆலோசகர் வந்து கேட்டால் பாடக் குறிப்பில் காட்ட உங்களுக்கு வழி இருக்கும்.

இரண்டாவது முறை செய்வதற்கு நேரம் வைக்காமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற ஒரே பெரிய விடயம். நான்கு வாரம் இருந்தால், செய்வதற்கு ஒரு வாரம், சோதித்துப் பார்க்க ஒரு வாரம், திருத்திச் செய்ய இரண்டு வாரம். என் தொடக்க காலத்தில் நேர்மாறாகச் செய்தேன். மூன்று வாரம் அலங்கரித்துச் செய்து, கடைசி நாள் சோதித்து, உடைந்ததைப் பார்த்து அழுதுகொண்டே பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவு நிறம் பூசிய பிறகு எந்தப் பிள்ளைதான் அதைப் பிரிக்க விடும்? நிறமும் ஒட்டுக்காகிதமும் கடைசி நாளுக்கு. அதுவரை பெட்டகத்தில் பூட்டி வையுங்கள்.

வரைபடம் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் வழுக்குகிற இடம் அது. "முதலில் வரை, பிறகு செய்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை அழகான வண்டி ஒன்றை வரையும், மேலே சூரியன், பக்கத்தில் தென்னை மரம், பிறகு அந்தத் தாளைத் திரும்பியும் பார்க்காமல் வேறு எதையோ செய்யும். தவறு பிள்ளையிடம் இல்லை. அட்டை எவ்வளவு வளையும், ஈர்க்கு எப்போது முறியும் என்று தெரியாதவருக்கு எதைத் திட்டமிட முடியும்? தரம் 1, 2 பிள்ளைகளிடம் வரைபடமே கேட்காதீர்கள், பொருளைக் கையில் கொடுத்து வாயால் சொல்லச் சொல்லுங்கள். தரம் 3க்கு மேல், முதல் வண்டி ஓடிப் பிழை தெரிந்த பிறகு இரண்டாவது வண்டிக்கு வரையச் சொல்லுங்கள்: பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, அளவு எழுதி, எந்தப் பாகம் எதனால் என்று அம்புக்குறி போட்டு. தென்னை மரம் தானாகக் காணாமல் போய்விடும்.

பாலத்தை அடுத்த தவணைக்கு வையுங்கள். உங்கள் பிள்ளைகள் திருகோணமலைக்கு வரும் வழியில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்திருப்பார்கள். 2009இல் திறந்த, 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்துக்கு முன் அங்கே பாதையில் ஏறித்தான் கடந்தோம், வாகனங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். பாதை என்றால் வீதி என்று மட்டும் தெரிந்த இன்றைய பிள்ளைகளுக்கு, வாகனத்தையே ஏற்றிக்கொண்டு மிதந்து வந்த தட்டையும் பாதை என்றுதான் சொன்னோம் என்பதே புதினம். வேலை எளிது: இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே 20 சென்ரிமீற்றர் இடைவெளி, ஒரே ஒரு ஏ4 தாள், பசை இல்லை, மேலே ஐந்து ரூபாய் நாணயங்கள். விரித்து வைத்த தாள் தன் பாரத்துக்கே தொய்யும். சிலர் இரண்டு விளிம்பையும் மேலே மடிப்பார்கள், நிற்கும். ஒருவர் விசிறிபோல் மடித்துவிட்டால் முழு வகுப்பும் பார்த்து மடிக்கும். மடிக்கட்டும், பார்த்துப் பழகுவதில் குற்றமில்லை. மடிப்பு உயர உயரத் தாள் வளைய மறுக்கிறது என்பதை நாணயத்தை எண்ணியே கண்டுகொள்வார்கள். தகரக் கூரை ஏன் அலை அலையாக இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் கூரையைக் காட்டிக் கேளுங்கள்.

மிதக்கும் பொருள் செய்யும் வேலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாளித் தண்ணீரில் தோணி விட்டு எத்தனை கல் ஏற்றினால் கவிழும் என்று பார்ப்பது எல்லா நாட்டிலும் செய்கிற நல்ல பாடம். ஆனால் 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். நம் வகுப்பில் அவர்களின் உறவுக்காரப் பிள்ளை இருக்கலாம். கவிழ்வதைப் பார்த்துக் கைதட்டும் பாடமாக அதை ஆக்காதீர்கள். கவிழாமல் இருக்க என்ன செய்யலாம், பாரத்தை எங்கே வைத்தால் தோணி நேராக நிற்கும், எத்தனை கல்லோடு நிறுத்த வேண்டும் என்று கோடு போடுவது எப்படி என்று கேள்வியைத் திருப்பிவிடுங்கள். பாடம் இன்னும் கூர்மையாகத்தான் ஆகும். எனக்கே இது ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

நெம்புக்குக் கோட்டை மான் போதும். பிரெட்றிக் கோட்டை வாசலில் மான் மேய்வதைப் பார்க்காத பிள்ளை நம் மாவட்டத்தில் குறைவு. அட்டையில் மானின் உடல், தனி அட்டையில் தலையும் கழுத்தும் முடிச்சுக்குப் பின்னால் நீளும் ஒரு பட்டியும், இரண்டு அட்டையையும் இணைக்க ஊசித் துளையில் நூலை விட்டு இரு பக்கமும் முடிச்சு. பின்னாலிருந்து அந்தப் பட்டியைக் கீழே இழுத்தால் தலை மேலே எழும்பும். "நான் கீழே இழுத்தால் அது ஏன் மேலே போகிறது?" என்று கேட்கும் பிள்ளைக்குத் துலாவைச் சொல்லுங்கள், பார்த்திராவிட்டால் சீசோவைச் சொல்லுங்கள். முடிச்சுக்குக் கிட்டப் பிடித்து இழுத்தால் தலை அதிகம் ஆடும், தூரப் பிடித்தால் கொஞ்சமாக ஆடும். இதற்கு ஒரு பாடவேளை போதும்.

மின்சுற்றைத் தரம் 5க்கு விட்டுவிடலாம். இரண்டு சாதாரண டோர்ச் பற்றரி, ஒரு சிறு மின்குமிழ், கொஞ்சம் கம்பி. பொத்தான் அளவுச் சிறு பற்றரிகளை வகுப்புக்குள் விடாதீர்கள், விழுங்கினால் உள்ளே புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும். சுவர்ச் சொக்கெற்றின் பக்கம் யாரும் போகக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி வேறு அதிகம் சொல்ல இல்லை. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு முனை மழுங்கிய கத்தரிக்கோல். ஓலை வார்கிற சத்தகக் கத்தியும் பிளேடும் ஆசிரியர் கையில் மட்டும். செருப்பை வெட்டுவதும் துளை போடுவதும் உங்கள் வேலை, வகுப்புக்கு முதல் நாளே செய்து வையுங்கள், வெவ்வேறு அளவில். மாப் பசையைப் பழையவர்கள் துரிசு போட்டுக் காய்ச்சுவார்கள், பூச்சி அரிக்காது என்று. அது நஞ்சு, பிள்ளைகளின் கைக்கு வேண்டாம். பூச்சி அரித்தால் அரிக்கட்டும், புதிதாகக் காய்ச்சலாம். காலநிலையையும் கணக்கில் எடுங்கள். மாரி மழையில், கார்த்திகை, மார்கழியில் நம் பக்கத்தில் அட்டை ஈரம் குடித்துத் துவண்டுவிடும். ஒருமுறை ஆவணியில் நின்ற அதே பெட்டி வீடு மார்கழியில் மடிந்து கிடந்தது. பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டேன், மெழுகு பூசலாமா, பிளாஸ்டிக் சுற்றலாமா, ஓலை வேயலாமா என்று அவர்களே ஒரு மாத வேலையை உண்டாக்கினார்கள்.

குழுவில் ஆண்பிள்ளைகள் கத்தரிக்கோலைக் கைப்பற்றுவார்கள், பெண்பிள்ளைகள் நிறம் தீட்ட ஒதுங்குவார்கள். தடுக்காவிட்டால் அதுவே வழமையாகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி கை மாறட்டும், மணியடித்துச் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்தில் வீட்டுவேலை கொடுக்காதீர்கள். நான் வேலை செய்த பள்ளி ஒன்றில் கண்காட்சிக்கு "வீட்டில் செய்து கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டோம். வந்தவை கோணேசர் கோயில் கோபுரங்கள், மின்விளக்கு எரியும் துறைமுகங்கள், சுழலும் தேர்கள். பார்க்கக் கண் கொள்ளாது. முதல் பரிசு பெற்ற பிள்ளையிடம் விருந்தினர் ஒருவர், "இந்த விளக்கு எப்படி எரிகிறது?" என்று கேட்டார். பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்த்தது. அடுத்த மேசையில் செருப்புச் சில்லு வண்டியை வைத்துக்கொண்டு நின்ற பையனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவனுக்கோ சொல்ல ஆயிரம் இருந்தது. அன்றிலிருந்து கண்காட்சி வைத்தால் உடைந்த முதல் வண்டியையும் ஓடிய இரண்டாவது வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். புள்ளியும் அழகுக்குக் கிடையாது. மூன்று கேள்வி: முதல் முறை எது பிழையாகப் போனது? என்ன மாற்றினாய்? யாருக்காகச் செய்தாயோ அவர் என்ன சொன்னார்? வாயால் சொன்னால் போதும்.

மேல்மட்டத்தில் யாரும் இதை யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் இடைநிலை வகுப்புகளுக்குத் தொழில்முன்னிலைக் கல்வி வந்தது, ஊர்த் தொழில்களையே பாடமாக்கினார்கள், நிலைக்கவில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கினார்கள். பதினாறு வயதில் அந்தப் பிரிவுக்குப் போகிற பிள்ளை அதற்கு முன் ஒரு சில்லையாவது தன் கையால் சுற்ற வைத்திருக்க வேண்டாமா? அனுமதிக் கடிதம், நிதி என்று வலயக் கல்வி அலுவலகத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். கேட்க வேண்டியதும் அதிகம் இல்லை.

நாளை காலை வகுப்பு வாசலில் ஒரு பிஸ்கட் பெட்டியை வையுங்கள். எழுதி முடிந்த பேனாவை யாரும் எறிய வேண்டாம், இதில் போடட்டும். 34 பிள்ளைகளும் இரண்டு அச்சு வண்டி செய்ய 68 குழல் வேண்டும், குழுவாகச் செய்தால் இருபதும் போதும். பெரிய வகுப்புகளிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பரீட்சைக் காலம் என்றால் பெட்டி ஒரு கிழமையில் நிரம்பிவிடும்.